நீரைக் கொண்டு பொன்னை அளந்த அல்பிரூனி

அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டித்து அருளப்பெற்ற அத்தியாயம் ஒன்று திருக்குர்ஆனில் உண்டு. 83ஆம் அத்தியாயமாகிய அதன் பெயரே அளவில் குறைப்போர் என்று பொருள்படுவதாகும். அளந்து கொடுத்தல், நிறுத்துக் கொடுத்தல் என்னும் இரண்டையும் அவ்வத்தியாயம் தனித்தனியே சுட்டுவது எண்ணிப் பார்க்கத் தக்கது. படியும் மரக்காலும் ஒரு பொருள் அடைக்கும் இடத்தை, அதாவது பருமனை, அளப்பன. தராசோ அப்பொருளின் நிறையைக் காட்டுவது. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை வணிகன் நன்கறிவான்; வாங்குவோன்தான் பல வேளைகளில் மறந்துவிடுகிறான். கடையில் ஒரு லிட்டர் என்று விற்கப்படும் சமையல் எண்ணெய் உறையின் மீது 910 கிராம் என்றும் அச்சிட்டிருப்பதைக் கண்டு, 90 கிராம் எங்கே போயிற்று என்று கடைக்காரரிடம் சண்டையிட்டோரை நாம் பார்த்திருக்கிறோம். எங்கும் போகவில்லை. எண்ணெய் நீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ நிறை கொள்வதில்லை. ஒரு கிலோ எண்ணெய் வேண்டுவோர் ஏறக்குறைய 1,100 மில்லி லிட்டர் வாங்க வேண்டும்.

நிறையை அறிந்தால் பருமனைச் சொல்லிவிடலாம். அதற்கு அப்பொருளின் அடர்த்தி தெரிந்திருந்தால் போதும். நிறையை அடர்த்தியால் வகுத்தால் பருமன் கிடைக்கும். இன்று ஒன்பதாம் வகுப்பு மாணவனும் அறிந்த இக்கணக்கில் கடினமான பகுதி வகுத்தலன்று. அந்த அடர்த்தியை முதலில் ஒருவர் அளந்து வைத்திருக்க வேண்டும் என்பதுதான். உலோகங்களுக்கும் மணிகளுக்கும் அதனை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, வியக்கத்தக்க நுட்பத்தோடு அளந்து அட்டவணையிட்டு வைத்த பெருமகனார்தாம் அபூ ரைஹான் முஹம்மது இப்னு அஹ்மது அல்பிரூனி. வரலாற்று மாணவர்கள் அன்னாரை இந்தியாவைப் பற்றி எழுதிய பயணியாகவே அறிவர். கஸ்னியின் சுல்தான் மஹ்மூதைப் பற்றிய பாடத்தில் ஒரு வரியாக வந்து மறைந்துவிடும் அப்பெயருக்குரியவர், தம் வாழ்நாளெல்லாம் அளப்பதையே தொழிலாகவும் தவமாகவும் கொண்டிருந்தவர்.

அன்னார் கி.பி. 973ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், ஹிஜ்ரி 362இல், குவாரிஸம் நாட்டில் காத் என்னும் நகரின் புறத்தே பிறந்தார். ஜைஹூன் என அரபியர் வழங்கும் ஆமூ ஆறு ஆரல் ஏரியை நோக்கிப் பாயும் நாடு அது. இன்றைய உஸ்பெகிஸ்தானில் அடங்குவது. பிரூன் என்னும் பாரசீகச் சொல்லுக்கு வெளி என்பது பொருள். நகருக்கு வெளியே பிறந்தவராதலின் பிரூனி என்னும் பெயர் நிலைத்தது என்பர். தாய்மொழி குவாரிஸ்மி, கல்வி மொழி அரபு. அரபில் இகழப்படுவதையே பாரசீகத்தில் புகழப்படுவதைவிடத் தாம் விரும்புவதாக முதுமையில் எழுதிய அளவுக்கு அறிவியல் மொழியாகிய அரபின் மீது அவருக்குப் பற்று இருந்தது. அரச குடும்பத்தைச் சேர்ந்தவரும் கணித மேதையுமான அபூ நஸ்ர் மன்ஸூர் இளம் வயதிலேயே அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். பதினேழு வயதில், நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்து, காத் நகரின் அட்சரேகையைக் கணித்தார் அம்மாணவர்.

ஆனால் அமைதி நீடிக்கவில்லை. கி.பி. 995இல் உள்நாட்டுப் போர் மூண்டது. காத் நகரை ஆண்ட அரசமரபு வீழ்ந்தது, ஆதரித்தோர் அழிந்தனர், இருபத்திரண்டு வயதே நிரம்பிய அல்பிரூனி நாட்டைவிட்டு ஓடி ஒளிய நேர்ந்தது. ரை நகரில் வறுமையோடு சில காலம் வாழ்ந்தார். கி.பி. 997ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைத் தாம் காத் நகரிலிருந்தும், அபுல் வஃபா என்னும் அறிஞர் பக்தாத் நகரிலிருந்தும் ஒருங்கே நோக்கி, நேர வேறுபாட்டைக் கொண்டு இரு நகர்களின் தீர்க்கரேகை வேறுபாட்டைக் கணக்கிட்டனர். பின்னர் காஸ்பியன் கடலோரத்து ஜுர்ஜான் நாட்டில் காபூஸ் மன்னரின் அவையில் இருந்துகொண்டு, பல சமூகத்தாரின் ஆண்டுக் கணக்குகளை ஆராயும் பெருநூலை கி.பி. 1000 அளவில் எழுதி அம்மன்னருக்கே உரிமையாக்கினார்.

அக்காலத்தில் அன்னார் மற்றொரு பேரறிஞரான இப்னு சீனாவுக்கு அனுப்பிய வினாக்கள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்று நம் பொருளுக்கு மிக அணித்தானது. பனிக்கட்டி நீரைவிடக் குளிர்ந்தது, இறுகியது. அவ்வாறாயின் அது நீரில் மூழ்காமல் ஏன் மிதக்கிறது என்பதே அவ்வினா. உறையும்போது இடையிடையே காற்று அகப்பட்டுக்கொள்வதால் என்று இப்னு சீனா விடை தந்தார். அவ்விடை முற்றும் சரியன்று. நீர் உறைகையில் தானே விரிந்து ஏறக்குறைய ஒன்பது விழுக்காடு பருமனில் பெருகுகிறது, நிறை மாறாமல் பருமன் மட்டும் பெருகுவதால் அடர்த்தி குறைகிறது, அதனால் மிதக்கிறது. விடை பிழைத்தாலும் வினா பிழைக்கவில்லை. ஒரே பொருள் ஒரே நிறையில் வெவ்வேறு இடத்தை அடைக்கக்கூடும் என்னும் சிந்தனை அந்த இளைஞரின் உள்ளத்தில் அப்போதே வேரூன்றியிருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

கி.பி. 1004 அளவில் அல்பிரூனி தாய்நாடு திரும்பினார். இம்முறை அவரை வரவேற்றது ஜுர்ஜானிய்யா எனப்படும் குர்கான்ஜ் நகரின் மஅமூன் அரசமரபு. அபுல் அப்பாஸ் மஅமூன் மன்னருக்கு ஏழாண்டுகள் அறிவுரையாளராக இருந்து அரசியல் தூதுகளையும் மேற்கொண்டார். நாம் இங்கே நின்று காண வேண்டிய இடம் இதுதான். உலோகங்களையும் மணிகளையும் நீரில் இட்டு ஆராய்ந்த பணி இந்நகரில், ஜைஹூன் ஆற்று நீரைக் கொண்டு, இலையுதிர்காலத் தொடக்கத்தில் நடைபெற்றது என்று, ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த அப்துர் ரஹ்மான் அல்காஸினி என்னும் அறிஞர் குறித்து வைத்திருக்கிறார். எந்த ஆற்று நீர், எந்தப் பருவம் என்பதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். நீரின் அடர்த்தியே ஊருக்கு ஊர் உப்பின் அளவாலும், பருவத்திற்குப் பருவம் வெப்பத்தாலும் மாறும் என்பதை அல்பிரூனி உணர்ந்திருந்தார். அளவுகோலே மாறிவிட்டால் அளந்ததற்கு என்ன பொருள்? ஆகவே அளவுகோலின் ஊரையும் காலத்தையும் சேர்த்தே குறித்தார்.

சிக்கல் இதுதான். சதுரமான செங்கல்லின் பருமனை அறிய அளவுகோல் போதும். நீளம், அகலம், உயரம் பெருக்கினால் முடிந்தது. கரடுமுரடான ஒரு நீலக்கல்லின் பருமனை எந்தக் கோலால் அளப்பது? கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் நீரில் மூழ்கிய பொருள் தன் பருமன் அளவு நீரை விலக்கும் என்பதைக் காட்டியிருந்தார். இசுலாமிய உலகில் அர்ராஸி முதலானோரும் இத்துறையில் முயன்றிருந்தனர். ஆனால் வெளியேறும் நீர் மிகச் சிறிதாயிருக்கும்போது அதனைச் சிந்தாமல் சிதறாமல் முழுமையாகப் பிடிப்பது எப்படி? இங்கேதான் அல்பிரூனியின் கைத்திறன் வெளிப்பட்டது.

கூம்பு வடிவில் ஒரு கலத்தை அமைத்தார். அடி அகன்றது, மேலே செல்லச் செல்லக் குறுகிக் கழுத்தில் மிக ஒடுங்கியது. கழுத்து ஒடுங்கியிருந்தால் சிறிதளவு நீர் பெருகினாலும் மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி உயரும். கழுத்தின் பக்கத்தில் ஒரு துளையிட்டு, அதில் கீழ்நோக்கி வளைந்த சிறு குழாய் ஒன்றைப் பொருத்தினார். அக்குழாயின் வாய்க்குக் கீழே தராசுத் தட்டு. கலத்தில் நீரை ஊற்றி, குழாய் வழியே வடிவது நிற்கும் வரை காத்திருந்து, பின் நிறுத்து வைத்த பொருளைச் சிறிது சிறிதாக உள்ளே இடுவார். அப்பொருளின் பருமன் எவ்வளவோ அவ்வளவு நீர் குழாய் வழியே வழிந்து தட்டில் விழும். அந்நீரை நிறுப்பார்.

சொல்வதற்கு எளிது. செய்யும்போது நீர் முரண்டு பிடித்தது. குறுகிய குழாயினுள் நீர் ஒட்டிக்கொண்டு சொட்டாமல் நின்றுவிடும். ஒரு துளி தங்கினாலும் கணக்கு பொய்த்துவிடும். பரப்பு இழுவிசை என்று நாம் இன்று பெயரிட்டழைக்கும் இயல்பு இது. அதன் பெயரறியாமலே அல்பிரூனி அதனோடு போராடினார். குழாயின் வடிவைப் பலமுறை மாற்றினார். இறுதியில் அதில் துளைகளிட்டுக் காற்றுக்கு வழி விட்டு நீர் தங்காமல் வழியும்படி செய்தார். பொருள்களிலும் அவ்வாறே எச்சரிக்கை மேற்கொண்டார். பொன்னைப் பன்முறை உருக்கித் தூய்மைப்படுத்தினார். பாதரசத்தைத் துணியில் திரும்பத் திரும்ப வடிகட்டினார். ஒரு சோதனையோடு அமையாமல் மீண்டும் மீண்டும் செய்து பார்த்தார்.

இனி அன்னாரின் எண்களைக் காண்போம். தமிழ் பயில்வோர் எண்களைக் கண்டு அஞ்ச வேண்டா. எண்ணும் எழுத்தும் கண்ணெனத் தகும் என்று சொல்லி வளர்ந்தவர்கள்தாமே நாம். அக்காலத்து நிறை அலகு மிஸ்கால். ஒரு மிஸ்கால் ஆறு தானிக். ஒரு தானிக் நான்கு தஸ்ஸூஜ். ஆக ஒரு மிஸ்காலுக்கு 24 தஸ்ஸூஜ். எல்லா உலோகத்திலும் 100 மிஸ்கால் எடுத்துக்கொண்டு, அது வெளியேற்றும் நீரின் நிறையைக் குறிப்பதே முறை. அல்காஸினி பாதுகாத்துத் தந்த அட்டவணையின்படி 100 மிஸ்கால் பொன் வெளியேற்றிய நீர் 5 மிஸ்கால் 1 தானிக் 2 தஸ்ஸூஜ், அதாவது ஐந்தேகால் மிஸ்கால். பாதரசத்திற்கு 7 மிஸ்கால் 2 தானிக் 1 தஸ்ஸூஜ். ஈயத்திற்கு 8 மிஸ்கால் 5 தானிக். வெள்ளிக்கு 9 மிஸ்கால் 4 தானிக் 1 தஸ்ஸூஜ். இரும்புக்கு 12 மிஸ்கால் 5 தானிக் 2 தஸ்ஸூஜ். வெள்ளீயத்திற்கு 13 மிஸ்கால் 4 தானிக்.

இவ்வெண்களில் ஓர் அழகு ஒளிந்திருக்கிறது. பிரெஞ்சு நாட்டில் 1795இல் மெட்ரிக் அளவை வகுத்தோர், ஒரு கன சென்டிமீட்டர் நீரின் நிறையே ஒரு கிராம் என்று வைத்தனர். ஆகவே மிஸ்கால் என்னும் இடத்தில் கிராம் என்று மாற்றி எழுதினால், வெளியேறிய நீரின் நிறை அப்படியே கன சென்டிமீட்டரில் பருமனாகிவிடும். 100 கிராம் பொன்னின் பருமன் ஐந்தேகால் கன சென்டிமீட்டர் என்பது அல்பிரூனியின் விடை. இன்றைய கருவிகள் தரும் விடை 5.18. பாதரசத்திற்கு அவர் விடை 7.375, இன்றையது 7.38. ஈயத்திற்கு அவர் விடை 8.83, இன்றையது 8.82. வெள்ளீயத்திற்கு அவர் விடை 13.67, இன்றையது ஏறக்குறைய 13.7. வெள்ளியிலும் இரும்பிலும் செம்பிலும் வேறுபாடு சற்று மிகுதி. வெள்ளிக்கு அவர் கண்டது 9.71, நாம் காண்பது 9.53. வார்ப்பில் எஞ்சிய நுண்துளைகளோ, பிரியாமல் நின்ற கலப்போ காரணமாகலாம். ஆயினும் துளியைப் பிடிக்கவே தனிக் குழாய் செய்ய வேண்டியிருந்த காலத்தில் இந்நெருக்கம் எய்தியது சிறிய செயலன்று.

இதனால் விளைந்த பயன் யாது? ஒரு பொற்கொல்லரிடம் 100 மிஸ்கால் நிறையுள்ள வெள்ளிக் கிண்ணம் ஒன்றைக் கொடுத்து, இதே அளவில், இதே கனத்தில், பொன்னால் ஒன்று வார்த்துத் தருக என்று கேட்பதாகக் கொள்வோம். எவ்வளவு பொன் வேண்டும்? கிண்ணத்தைச் சிதைக்காமல், கோலால் அளக்காமல், நீரில்கூட நனைக்காமல் விடை சொல்லலாம். 100 மிஸ்கால் வெள்ளியின் பருமன் 9.71 பங்கு நீர். 100 மிஸ்கால் பொன்னின் பருமன் 5.25 பங்கு நீர். முன்னதைப் பின்னதால் வகுத்து நூறால் பெருக்க, ஏறக்குறைய 185 மிஸ்கால் பொன் வேண்டும் என்பது வெளிப்படும். இன்றைய அடர்த்தி எண்களைக் கொண்டு செய்தால் 184. கொல்லர் 200 கேட்டால் எங்கோ ஒழுகுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். நம் வீட்டுக் கணக்காகவே பார்ப்போம். பத்துப் பவுன் கலப்பற்ற பொன் 80 கிராம், 80ஐ 19.3ஆல் வகுத்தால் சற்றேறக்குறைய 4.1 கன சென்டிமீட்டர். ஒரு தேக்கரண்டி அளவுகூட நிரம்பாது! அதே 80 கிராம் வெள்ளி 7.6 கன சென்டிமீட்டர் இடத்தை அடைக்கும்.

மணிகளுக்கும் அவ்வாறே தனி அட்டவணை வகுத்தார். அங்கே அளவுக்கு அடிப்படை 100 மிஸ்கால் நீலக்கல். அது வெளியேற்றும் நீர் இருபத்தைந்தேகால் மிஸ்கால். செம்மணிக்கு 26 மிஸ்கால். பதக்ஷான் நாட்டுச் செம்மணி என்று வழங்கிய மற்றொரு சிவந்த கல்லுக்கோ ஏறக்குறைய 28 மிஸ்கால். கண்ணுக்கு இரண்டும் ஒரே செம்மைதான். அரசர்களின் முடியிலேயே பின்னது முன்னதாகக் கருதப்பட்டு வீற்றிருந்தது வரலாறு. ஆனால் நீர் ஏமாறவில்லை. ஒரே நிறையில் ஒன்று குறைந்த இடத்தையும் மற்றொன்று மிகுந்த இடத்தையும் அடைக்கிறது. ஆகவே அவை வெவ்வேறு கற்கள். மரகதத்திற்கு 36 மிஸ்காலும் 2 தானிக்கும், முத்துக்கு முப்பத்தெட்டரை மிஸ்கால், பளிங்குக்கு 40 மிஸ்கால் என்று அட்டவணை நீள்கிறது. மரகதமென்று சொல்லிப் பச்சைக் கண்ணாடியை விற்போர் எக்காலத்திலும் உண்டு. சொல்லை நம்பாமல் தராசையும் நீரையும் நம்புவதற்கு வழி வகுத்தார் அல்பிரூனி.

கி.பி. 1017இல் மீண்டும் இடி விழுந்தது. மஅமூன் மன்னர் கலகக்காரர்களால் கொல்லப்பட்டார். அதனைக் காரணமாகக் கொண்டு சுல்தான் மஹ்மூது குவாரிஸத்தின் மீது படையெடுத்து அதனைத் தம் பேரரசோடு இணைத்துக்கொண்டார். அறிஞர்கள் கஸ்னிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் அல்பிரூனியும் இருந்தார்; அவருடைய ஆசிரியர் அபூ நஸ்ரும் இருந்தார். விருந்தினராகவா, கைதியாகவா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. விரும்பிச் சென்றவர் அல்லர் என்பது மட்டும் தெளிவு. கி.பி. 1018 அக்டோபரில் காபூலை அடுத்த ஒரு சிற்றூரில், கையில் ஒரு கருவியும் இல்லாத நிலையில், கணக்கிடும் பலகையின் பின்புறத்தில் வட்டவில்லொன்று வரைந்து, தூக்குநூல் கட்டிச் சூரியனின் உயரத்தை அளந்தார். நாடிழந்து, நூலிழந்து, எதிர்காலம் அறியாது நின்ற அந்நிலையிலும் அளவை விடவில்லை அந்தக் கை.

மஹ்மூதின் படையெடுப்புகளின் பின்னே பஞ்சாப் பகுதியை அடைந்த அல்பிரூனி, வடமொழி கற்றுப் பண்டிதர்களோடு உரையாடி, கி.பி. 1030 அளவில் இந்தியாவைப் பற்றிய தம் பெருநூலை நிறைவு செய்தார். அதில் சமயமும் தத்துவமும் வானியலும் மட்டுமா உள்ளன? எடைகளுக்கும் அளவைகளுக்கும் ஓர் இயலையே ஒதுக்கியிருக்கிறார். இந்நாட்டுத் தராசில் எடைக்கல் அசையாது நிற்கத் தட்டு நகர்ந்து குறிகளின் மீது செல்லும் என்றும், அதற்குத் துலா என்பது பெயர் என்றும் எழுதுகிறார். துலாக்கோல் என்று நாம் சொல்லுகையில் ஒலிக்கும் அதே சொல்! தென்திசையையும் அவர் மறக்கவில்லை. சரந்தீபின் கடலில் முன்பு முத்துக்குளிப்பு நடைபெற்றதையும், தம் காலத்தில் அது கைவிடப்பட்டதையும், பின்னர் ஆப்பிரிக்கக் கரையில் முத்துக் கிடைத்ததால் சரந்தீபின் முத்துகள் அங்கே குடிபெயர்ந்துவிட்டனவென்று மக்கள் பேசிக்கொண்டதையும் குறிப்பிடுகிறார். முத்து வாணிபத்தில் தலைமுறை தலைமுறையாய் ஈடுபட்ட கீழக்கரை, காயல்பட்டினத்து மக்களுக்கு இச்செய்தி சுவையளிக்கும்.

உப்பு மலைத்தொடரில் நந்தனா கோட்டையின் மேலிருந்து தொடுவானம் தாழ்ந்து தோன்றும் கோணத்தை அளந்து, மலையின் உயரத்தோடு அதனை இணைத்து, பூமியின் ஆரத்தைக் கணக்கிட்ட அருஞ்செயலும் இக்காலத்தது. இன்றைய மதிப்புக்கு நெருங்கிய விடை அது. பூமியைச் சுற்றிவராமலே, ஓரிடத்தில் நின்று அதன் அளவைச் சொன்னார். கல்லைக் கோலால் தொடாமலே அதன் பருமனைச் சொன்னதுபோல.

மஹ்மூதுக்குப் பின் அரியணையேறிய மஸ்ஊதின் காலத்தில் அல்பிரூனிக்கு ஆதரவு பெருகியது. வானியல் பெருநூலை அவர் பெயரால் இயற்றியபோது, மன்னர் ஒரு யானைச் சுமை வெள்ளி அனுப்பியதாகவும், அறிஞர் அதனைத் தமக்கு வேண்டாவென்று திருப்பியனுப்பியதாகவும் கதையொன்று வழங்குகிறது. வெள்ளியின் அடர்த்தியை அறிந்தவருக்கு அதன் மதிப்பு தெரியாமலா இருந்திருக்கும்? ஹிஜ்ரி 427இல், அதாவது கி.பி. 1036 அளவில், தாம் அதுவரை இயற்றிய நூல்களைத் தாமே பட்டியலிட்டபோது எண்ணிக்கை நூறைக் கடந்திருந்தது. அவற்றில் பெரும்பாலானவை காலவெள்ளத்தில் மறைந்தன என்பது நம் இழப்பு.

முதுமையில், மஸ்ஊதின் மகன் மவ்தூதின் ஆட்சியில், மணிகளைப் பற்றிய தனிநூலை எழுதினார். எங்கே கிடைக்கும், என்ன விலை பெறும், எவ்வாறு போலியைக் கண்டறிவது, என்ன கதைகள் வழங்குகின்றன என்று எல்லாம் அதில் உண்டு. மரகதத்தைக் கண்ட பாம்பு குருடாகும் என்று பல நூல்கள் உரைத்தன. உரைத்தவர்கள் பெரியோர் என்பதற்காக அல்பிரூனி ஏற்றுக்கொள்ளவில்லை. பாம்பைப் பிடித்து, மரகத மாலையணிவித்து, அதன் முன்னே மரகதங்களை அசைத்தும் பரப்பியும், ஒன்பது மாதங்கள் வரை, வெயிலிலும் குளிரிலும் சோதித்தார். பாம்பின் கண்ணுக்கு ஒரு கேடும் வரவில்லை. பார்வை கூர்மையடைந்தாலும் அடைந்திருக்கலாம் என்று நகைச்சுவையோடு எழுதி வைத்தார். கூம்புக் கலத்தில் துளிக்காகக் காத்திருந்த அதே பொறுமையை இங்கேயும் காண்கிறோம்.

கி.பி. 1048 அளவில் கஸ்னியில் அன்னாரின் இறுதி நாள் வந்தது. உயிர் ஊசலாடும் வேளையில் காண வந்த மார்க்கச் சட்ட அறிஞர் ஒருவரிடம், தாய்வழிப் பாட்டியருக்குச் சொத்துப் பங்கிடும் கணக்கைப் பற்றி முன்பு அவர் சொன்னது என்னவென்று அல்பிரூனி வினவினார். இந்நிலையிலா இக்கேள்வி என்று வந்தவர் இரங்க, அதனை அறியாமல் உலகைப் பிரிவதைவிட அறிந்து பிரிவது நன்றல்லவா என்று அல்பிரூனி கேட்டார். அறிஞர் விளக்கிச் சொன்னார். இவர் அதனை மனத்தில் பதித்துக்கொண்டார். விடைபெற்றுத் தெருவில் நடக்கும்போதே அழுகுரல் எழுந்தது கேட்டதாக அவ்வறிஞர் கூறியதை யாகூத் என்னும் வரலாற்றாசிரியர் பதிவு செய்திருக்கிறார்.

கூம்புக் கலத்தின் கதை அத்தோடு முடியவில்லை. மர்வ் நகரில் ஸல்ஜூக் சுல்தான் ஸன்ஜரின் ஆதரவில் வாழ்ந்தவர் முற்கூறிய அல்காஸினி. அடிமையாய் வந்து, விடுதலையும் கல்வியும் பெற்று அறிஞராய் உயர்ந்தவர் அவர். கி.பி. 1121இல் தராசுகளைப் பற்றி அவர் எழுதிய மீஸானுல் ஹிக்மா என்னும் பெருநூலில் அல்பிரூனியின் கலத்தையும் எண்களையும் போற்றிச் சேர்த்துக்கொண்டார். அந்நூலின் பகுதிகளை 1860இல் கானிகோஃப் என்னும் ருஷ்ய அறிஞர் ஆங்கிலத்தில் வெளிவரச் செய்தபோதுதான் மேலை உலகம் இவ்வெண்களை அறிந்து வியந்தது. அந்நூலில் ஒரு கணக்கு உண்டு. மறுமையில் பூமி நிறையப் பொன்னை ஈடாகக் கொடுத்தாலும் ஏற்கப்படமாட்டாது என்னும் கருத்து திருக்குர்ஆனின் ஆலு இம்ரான் அத்தியாயத்தில் வருகிறது. பூமி நிறையப் பொன் என்றால் எவ்வளவு என்று அல்காஸினி கணக்கிடத் துணிந்தார். அதற்கு வேண்டுவன இரண்டே. பூமியின் பருமனும் பொன்னின் அடர்த்தியும். நந்தனா கோட்டையிலும் ஜைஹூன் ஆற்று நீரிலும் அல்பிரூனி தேடியவை அவைதாம். இன்றைய எண்களைக் கொண்டு அக்கணக்கைச் செய்து பார்த்தால், பொன்னாலான பூமி நாம் வாழும் இப்பூமியைப் போல் மூன்றரை மடங்கு நிறையுடையதாயிருக்கும்; பொன்னின் அடர்த்தி 19.3, பூமியின் சராசரி அடர்த்தி 5.5.